ரேங்கல் போட்டும் ஆஸ்டியோகிளாஸ்ட் வரவில்லையா?

பெங்களூரு ஆய்வகங்களில் எலும்பு செல் வளர்க்கும் நம்ம ஊர் மாணவர்களுக்கு முதல் பிசகு மனசிலேயே நடந்துவிடுகிறது. செல்லுக்குக் கட்டளை தரும் புரதக் காரணிகளில் பிஎம்பி எலும்பைக் கட்டும், ரேங்கல் எலும்பை அரிக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை குத்திவிடுகிறார்கள். ரேங்கலுக்கு அது ஓரளவு பொருந்தும். டிஜிஎஃப்-பீட்டா என்ற இன்னொரு காரணிக்குப் பொருந்தாது.

எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் மேக்ரோஃபேஜ் என்ற செல்களிலிருந்து உருவாகின்றன. தனியாகப் பிரித்த மேக்ரோஃபேஜ்களுக்கு ரேங்கலோடு டிஜிஎஃப்-பீட்டாவையும் கொடுத்தால் ஆஸ்டியோகிளாஸ்ட் கூடும். எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட்டும் உடனிருக்கும் கூட்டு வளர்ப்பில் அதையே அதிக அளவில் கொடுத்தால் குறையும். அங்கே ஆஸ்டியோபிளாஸ்ட் ரேங்கலைக் குறைத்து, ரேங்கலைப் பிடித்து முடக்கும் ஆஸ்டியோபுரோட்டெஜெரினைக் கூட்டிவிடுகிறது. எலும்பு கட்டும் பக்கத்திலும் இதே இரட்டை வேலைதான்: முன்னோடி செல்களைப் பெருக்கும், பிற்பாடு கால்சியம் படியவிடாது. 21 நாள் வளர்ப்பு முழுக்க அதை விடாமல் ஊற்றிவிட்டு, கால்சியத்தைக் காட்டும் அலிசரின் சிவப்பு ஏறவில்லையே என்றால் எப்படி ஏறும்?

எலி எலும்பு மஜ்ஜையில் தொடங்குபவர்கள் இடறுவது எம்-சிஎஸ்எஃப் என்ற காரணியில். மூன்று நாள் 30 நானோகிராம்/மில்லி எம்-சிஎஸ்எஃப் கொடுத்து மேக்ரோஃபேஜ் ஆக்கியபின், ரேங்கல் (50 நானோகிராம்/மில்லி) சேர்க்கும் நாளில் எம்-சிஎஸ்எஃப்பை நிறுத்திவிடுவார்கள். அது செல்களை உயிரோடு வைக்கிற காரணி. நிறுத்தினால் செல் கூட்டமாகச் செத்துப்போகும். இரண்டும் கடைசிவரை வேண்டும். ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் எலி மேக்ரோஃபேஜ் வகையான ராவ் 264.7 செல்லுக்கு வெளியிலிருந்து எம்-சிஎஸ்எஃப் தேவையில்லை. ஆனால் அதற்கு நெரிசல் ஆகாது: 96 வெல் (சின்னக் கிண்ணம்) கொண்ட பிளேட்டில் வெல்லுக்கு 2,000–3,000 செல் போதும். கூட்டிப் போட்டால் பெருகிக்கொண்டே போகும், ஒன்றோடொன்று இணைந்து ஆஸ்டியோகிளாஸ்ட் ஆகாது. பல தடவை பிரித்து வளர்த்த பழைய செல்லும் இணையாது.

ரேங்கல் சேர்த்த நாலாம் நாள் தொட்டுக் காலையும் மாலையும் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். விளிம்பு விரிந்து, தோசைக்கல்லில் ஊற்றிய மாவு மாதிரி பெரிய செல்கள் தெரிந்தால் அன்றே ஃபிக்ஸ் செய்து, அந்த நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். 'இன்னும் கொஞ்சம் வரட்டும்' என்று ஒரு நாள் விட்டால் பெரியவை உடைந்து சுவடுதான் மிஞ்சும்; சோதிக்கும் மருந்து ஆஸ்டியோகிளாஸ்ட்டைக் குறைத்தது என்ற பொய்யான முடிவும் அங்கேதான் பிறக்கிறது. ஆஸ்டியோகிளாஸ்ட்டின் நொதியைக் காட்டும் ட்ராப் சாயம் ஏறியதையெல்லாம் எண்ணக்கூடாது, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நியூக்ளியஸ் இருப்பதை மட்டும் எண்ண வேண்டும். எலும்பை அரித்ததா என்று சொல்ல எலும்புத் துண்டில் வளர்த்துக் குழி பார்க்க வேண்டும்; சாயம் அதைச் சொல்லாது.

காரணி வரும் சின்னக் குப்பி வெள்ளிக்கிழமை சாயங்காலம் சில்க் போர்டு சந்திப்பின் வாகன நெரிசலில் மாட்டினால் பதறுகிறார்கள். உலர்தூள் அதைப் பெரும்பாலும் தாங்கும். அதற்கப்புறம் நாம் செய்வதைத்தான் தாங்காது. திறக்கும் முன் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மூடியில் ஒட்டிய தூளைக் கீழே இறக்குங்கள். வோர்டெக்ஸ் கருவியில் குலுக்க வேண்டாம். 10 மைக்ரோகிராம் ரேங்கலை 0.1% பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) கலந்த பிபிஎஸ் உப்புக் கரைசல் 100 மைக்ரோலிட்டரில் கரைத்தால் மைக்ரோலிட்டருக்கு 100 நானோகிராம். 10 மில்லி மீடியத்துக்கு 5 மைக்ரோலிட்டர் போட்டால் 50 நானோகிராம்/மில்லி. பிஎஸ்ஏ இல்லாவிட்டால் புரதம் குழாயின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், கணக்கு காகிதத்தில் மட்டும் சரியாக இருக்கும். சின்னச் சின்னப் பங்காக –80 டிகிரி செல்சியஸில் வைத்து, ஒரு பங்கை ஒரே தடவை உருக்குங்கள்.

ஆஸ்டியோபிளாஸ்ட்டாக மாறும் எலி செல்லான எம்சி3டி3-ஐ வழக்கமான ஆல்ஃபா-மெம் மீடியத்தில் பராமரிப்பதும் தவறு. அதில் அஸ்கார்பிக் அமிலம் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் நாள் குறிக்கும் முன்பே செல் மாற்றத்தைத் தொடங்கிவிடும். அஸ்கார்பேட் இல்லாத ஆல்ஃபா-மெம் வாங்குங்கள். கால்சியம் படியப் பாஸ்பேட் தரும் பீட்டா-கிளிசரோபாஸ்பேட் 10 மில்லிமோலாரைத் தாண்டினால் செத்த செல்மீதும் கால்சியம் படியும், அலிசரின் அதையும் சிவப்பாகவே காட்டும். செல்லே இல்லாத வெல் ஒன்றையும் கட்டாயம் கூடவே வையுங்கள்.

எலும்பு அரிப்பைத் தடுக்கும் மருந்தான டெனோசுமாப் மனித ரேங்கலைப் பிடிக்கும், எலி ரேங்கலைப் பிடிக்காது. எலி ரேங்கல் போட்ட வளர்ப்பில் அதைக் கண்ட்ரோலாக வைத்துவிட்டு மருந்தைத் திட்டிப் பயனில்லை. அதற்கு ஆஸ்டியோபுரோட்டெஜெரின் போடுங்கள்.

மார்ச், ஏப்ரலில் பெங்களூருக் காற்று காய்ந்து கிடக்கும். இன்குபேட்டர் தட்டில் தண்ணீர் வற்றினால் ஓர வெல்களில் மீடியம் சுண்டி, போட்ட காரணியின் அடர்த்தி தானாக ஏறிவிடும். அந்த மாதங்களில் ஓர வெல்களில் வெறும் பிபிஎஸ் ஊற்றி, சோதனையை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.