ஜூம் திருகும்போது கண்ணை எங்கே வைப்பது? ஸ்பாட்டிங் ஸ்கோப் புதிதாகப் பிடிப்பவர்களுக்கு

நீலகிரியில் கோடநாடு காட்சிமுனை. மாயாறு பள்ளத்தாக்கில் வட்டமிடும் பாறு கழுகு, முக்காலியில் மாட்டிய ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (ஒற்றைக்கண் தொலைநோக்கி) 20 மடங்கில் அழகாகத் தெரிகிறது. இன்னும் கிட்டத்தில் பார்க்க ஜூம் வளையத்தை 60-க்குத் திருகியதும் படத்தின் குறுக்கே கறுப்பு நிழல் விழுகிறது. ஸ்கோப்பில் கோளாறு எதுவும் இல்லை. கண் இருக்க வேண்டிய இடம் நகர்ந்துவிட்டது, கண் நகரவில்லை.

ஐபீஸிலிருந்து, அதாவது கண் வைக்கும் பக்கத்து வில்லைத் தொகுதியிலிருந்து, வெளிவரும் ஒளி சற்றுத் தள்ளி ஒரு சின்ன வட்டமாக ஒடுங்கும். கண்பாவை அந்த வட்டத்தில் பொருந்தினால்தான் முழுப்படம் கிடைக்கும். கடைசி வில்லையிலிருந்து அந்த வட்டம் வரையுள்ள தூரமே ஐ ரிலீஃப். துப்பாக்கி ஸ்கோப்பில் இது 75 முதல் 100 மி.மீ. வரை இருக்கும், சுடும்போது பின்னுதைத்து வரும் குழாய் புருவத்தில் இடிக்கக் கூடாதே! பறவை பார்க்கும் ஸ்கோப்பில் பெரும்பாலும் 15 முதல் 20 மி.மீ. தான். அதனால் 2 மி.மீ. பிசகினாலும் உடனே தெரிந்துவிடும்.

துப்பாக்கி ஸ்கோப்பில் ஜூம் வேலை நடுக்குழாயில், படத்தை நிமிர்த்தும் வில்லைகளில் நடக்கிறது. ஸ்பாட்டிங் ஸ்கோப்பிலோ ஐபீஸுக்குள்ளேயே வில்லைத் தொகுதிகள் முன்னும் பின்னும் நகர்கின்றன. அவை நகர நகர, ஒளி ஒடுங்கும் இடமும் நகரும். கூடவே பார்வைக் கோணமும், அதாவது படம் கண்ணுக்கு விரிந்து தெரியும் அகலமும், மாறும். சாதாரண ஜூம் ஐபீஸில் அது 20 மடங்கில் சுமார் 40 பாகை, 60 மடங்கில் சுமார் 60 பாகை. 60 பாகையை 18 மி.மீ. தள்ளி நிற்கும் கண்ணுக்குக் காட்ட, கடைசி வில்லை குறைந்தது 21 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். அதே கோணத்துக்கு 15 மி.மீ. தூரம் போதுமென்றால் 17 மி.மீ. அகலமே போதும். சிறிய, மலிவான ஐபீஸ்களில் தூரம் எங்கே அடிபடுகிறது என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

படி 1: உங்கள் ஸ்கோப்பை நீங்களே அளங்கள். பெட்டியில் ஒரே ஓர் எண் போட்டிருந்தால் அதை நம்பி இருக்க வேண்டாம். அறைக்குள் முக்காலியில் ஸ்கோப்பை மாட்டி, திறந்த ஜன்னல் வழியாக வெளுத்த வானத்தை நோக்கித் திருப்புங்கள். சூரியன் இருக்கும் பக்கம் கூடவே கூடாது. கோடநாடு மலையின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது; காலையில் அங்கேயும் இதே கவனம் தேவை. தவறிப்போய்ச் சூரியனைப் பார்த்தால் விழித்திரை கருகிவிடும்.

ஐகப்பை, அதாவது ஐபீஸைச் சுற்றிக் கண் சாய்க்க இருக்கும் வளையத்தை, முழுவதும் கீழே இறக்குங்கள். ஐபீஸுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து மெல்லப் பின்னுக்கு இழுங்கள். ஒளிவட்டம் மிகச் சிறிதாகி, விளிம்பு கூர்மையாகும் இடத்தில் நிறுத்தி, ஐகப்பின் விளிம்பிலிருந்து தாள் வரை ஸ்கேலால் அளங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எண் வில்லையிலிருந்து எடுத்தது. வில்லை உள்வாங்கியிருப்பதால் அதில் சில மி.மீ. உங்கள் கைக்கு வராது. 20, 40, 60 மூன்றிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் குறைந்து மறுபடி கூடும் ஐபீஸ்களும் உண்டு. இரண்டு முனைகளை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள்.

படி 2: கண்ணாடி போடுபவரா? மூக்குக்கண்ணாடிக்கும் கண்ணுக்கும் நடுவே பொதுவாக 12 முதல் 14 மி.மீ. இடைவெளி இருக்கும், கண்ணாடியின் தடிமன் அதற்கு மேல். ஆகவே நீங்கள் குறித்த மூன்று எண்களில் மிகச் சிறியது 15-க்குக் கீழே போனால், அந்த மடங்கில் படத்தின் ஓரம் வெட்டுப்படும். கடையில் வாங்கும்போதும் அந்தச் சிறிய எண்ணைத்தான் பாருங்கள். வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் வளையத்தால் சரிசெய்யலாம். சிலிண்டர் பவர் கூடுதலாக இருந்தால் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும்.

படி 3: ஐகப்பின் உயரம். இரண்டு குறைகளைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும். அவரைக்கொட்டை வடிவில் கறுப்பு நிழல் ஓடினால் கண் மிக அருகில் இருக்கிறது. ஐகப்பை ஒரு சொடுக்கு உயர்த்துங்கள். சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் படம் சுருங்கினால் கண் தள்ளி இருக்கிறது, இறக்குங்கள். 20, 40, 60 ஒவ்வொன்றுக்கும் சரியான உயரம் கிடைத்ததும் வண்ண டேப்பில் சிறு கோடு ஒட்டிவிடுங்கள். குளிரில் கையுறையோடு தடவும்போது அது பெரிய உதவி.

படி 4: மலையில். எப்போதும் 20-இல் தேடிப் பிடித்து, பிறகு படிப்படியாக ஏற்றுங்கள். 20-இல் வெளிக்காட்சியில் 2 பாகை (முன்பு சொன்ன 40-ஐ 20-ஆல் வகுத்தது), அதாவது 1,000 மீட்டரில் சுமார் 35 மீட்டர் அகலம் தெரியும். 60-இல் 17 மீட்டர்தான். 60 மி.மீ. முகப்பு வில்லை என்றால் ஒளிவட்டம் 20-இல் 3 மி.மீ., 60-இல் 1 மி.மீ. அவ்வளவு சிறிய வட்டத்தில் தலையின் சிறு அசைவுகூடப் படத்தை அணைத்துவிடும். புருவத்தை ஐகப்பில் லேசாகச் சாய்த்து வையுங்கள். அழுத்தினால் முக்காலி ஆடும்.

தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். அங்கே விடியலில் கண்ணை ஒட்டிவைத்தால் மூச்சும் கண்ணின் ஈரமும் சேர்ந்து ஐபீஸில் பனிக்கும். உலர்ந்த துணியால் உடனே தேய்த்தால் வில்லைப் பூச்சில் கீறல் விழும். கண்ணை எடுத்து, ஐகப்பை இறக்கி, காற்றோட்டமாக ஒரு நிமிடம் விடுங்கள், பனிப்பு போய்விடும். வெயில் ஏறிய பின் பள்ளத்தாக்கிலிருந்து கானல் எழும்பும். அப்போது கண் சரியான இடத்தில் இருந்தாலும் 60-இல் படம் நெளியும். 30-க்கு இறங்கினால் கழுகின் கழுத்து மறுபடி தெளிவாகும்.