துலாம்பென் கப்பலுக்கு டைவ் போகிறீர்களா? கரையைக் கடப்பதுதான் முதல் பாடம்

பாலித் தீவின் துலாம்பென் கரையோரம் மூழ்கிக் கிடக்கும் கப்பலைப் பார்க்க முதல் தடவை இறங்கிய அன்று, கப்பல் கண்ணில் படுவதற்கு முன்பே இரண்டு முழங்காலிலும் சிராய்ப்பு. அதுவும் ஆழத்தில் அல்ல, தொடையளவுத் தண்ணீரில். மறுநாள் அதே இடத்தில் ஒரு சிரமமும் இல்லாமல் இறங்கிப் போய்வந்தேன். இடையில் நான் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பதிவு.

டைவிங்கின் முதல் நிலையான ஓபன் வாட்டர் சான்றிதழ் வாங்கிவிட்டு, முதன்முதலாகக் கரையிலிருந்து இறங்கி ஒரு கப்பலைப் பார்க்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். மாஸ்க்கில் ஏறிய தண்ணீரை வெளியேற்றுவது, காதடைப்பை எடுப்பது எல்லாம் வகுப்பிலேயே செய்திருப்பீர்கள். அதற்குள் போகவில்லை.

எந்தக் கப்பல்?

பெயர் லிபர்ட்டி. 1918-இல் அமெரிக்காவில் கட்டிய சரக்குக் கப்பல், நீளம் ஏறக்குறைய 125 மீட்டர். இரண்டாம் உலகப் போரில் பெருவாரியாகக் கட்டப்பட்ட 'லிபர்ட்டி வகை' கப்பல்களில் ஒன்று என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு, இது அவற்றுக்கெல்லாம் மூத்தது. 1942 ஜனவரி 11 அன்று லொம்பொக் நீரிணை அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்றின் டார்பிடோ இதைத் தாக்கியது. இரண்டு போர்க்கப்பல்கள் சிங்கராஜா துறைமுகத்தை நோக்கி இழுத்துக்கொண்டு போயின. ஆனால் உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததால், வழியில் துலாம்பென் கரையிலேயே தரைதட்ட வைத்தார்கள். 21 ஆண்டுகள் அப்படியே கரையில் கிடந்தது. 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த அதிர்வில்தான் கப்பல் கரையிலிருந்து சரிந்து கடலுக்குள் போனது.

இப்போது கரைக்கு இணையாக, ஒருபக்கம் சாய்ந்து கிடக்கிறது. கரையிலிருந்து 30, 40 மீட்டர் நீந்தினாலே போதும். மேல் விளிம்பு சுமார் 5 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, அடிப்பகுதி 30 மீட்டரைத் தொடும். ஓபன் வாட்டர் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான் எல்லை. அதற்குள்ளேயே ஒரு டைவ் முழுக்கப் பார்க்க விஷயம் இருக்கிறது.

எத்தனை மணிக்கு?

விடியற்காலை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. காலை 9 மணிக்கு மேல் தெற்கு பாலியிலிருந்து வண்டி வண்டியாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். 6 மணிக்கு இறங்கினால், நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் இரவுத் தூக்கம் கலைந்து கப்பலை விட்டுக் கூட்டமாகக் கிளம்புவதைப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் ஒரு சிறுபிள்ளை அளவு இருக்கும். இதற்காக முதல் நாள் இரவே துலாம்பெனில் தங்கிவிடுங்கள், விமான நிலையத்திலிருந்து வர மூன்று மணி நேரம் ஆகலாம்.

என்ன எடுத்துப் போக வேண்டும்?

காற்றடைத்து மிதக்க உதவும் ஜாக்கெட், சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்று தரும் ரெகுலேட்டர் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். ஒன்றே ஒன்றைச் சொந்தமாக வாங்குங்கள்: தடித்த அடிப்பாகம் உள்ள டைவிங் பூட்ஸ். அதன்மேல் மாட்டும் பட்டை வைத்த ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) வாடகைக்கு எடுத்தால் போதும். வெறுங்காலில் செருகும் ஃபின்ஸ் படகிலிருந்து குதிக்கச் சரி, இந்தக் கரைக்கு உதவாது. முதல் நாள் நான் அதைத்தான் வைத்திருந்தேன்.

சின்ன டார்ச் ஒன்று, பகலிலும். ஆழத்தில் சிவப்பு நிறம் முதலில் மறைந்துவிடும், எல்லாமே நீலச் சாம்பலாகத் தெரியும். இரும்புத் தூண் ஒன்றின்மேல் டார்ச் அடித்தேன். அதுவரை கறுப்பாகத் தெரிந்த பவளம் வெற்றிலை போட்ட வாய்போலச் சிவந்தது. கையுறை வேண்டாம், இருந்தால் எதையாவது பிடிக்கத் தோன்றும். கேமரா இரண்டாவது டைவுக்கு.

எடை

மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈய எடையைக் கரையோரத்திலேயே சரிபார்க்காமல் ஆழத்துக்குப் போகாதீர்கள். மிதக்கும் இடத்தில் ஜாக்கெட்டின் காற்றை முழுக்க விட்டுவிட்டு, மூச்சைச் சாதாரணமாக இழுத்து நிறுத்துங்கள். தண்ணீர் மட்டம் கண்ணளவில் நின்றால் எடை சரி. சிலிண்டர் நிறைந்திருக்கும்போது பார்த்தால் கூடுதலாக இரண்டு கிலோ சேர்க்க வேண்டும், ஏனென்றால் காற்று தீரத் தீர சிலிண்டர் இலேசாகிவிடும். டைவ் முடிவில் 5 மீட்டரில் நிற்கும்போதுதான் அது தெரியும்.

கரையைக் கடப்பது

இங்கேதான் நான் விழுந்தேன். நான் டைவிங் படித்தது புதுச்சேரியில். அங்கே படகு விளிம்பில் உட்கார்ந்து பின்பக்கமாகச் சாய்ந்தால் கடல். கரையிலிருந்து நடந்து இறங்க எனக்குத் தேவையே வரவில்லை. துலாம்பெனில் மணற்கரை கிடையாது. எரிமலைக் கற்கள், தேங்காய் அளவிலும் பூசணி அளவிலும், கறுப்பாக, வழவழவென்று உருண்டு கிடக்கும். ஒவ்வொரு அலை திரும்பும்போதும் கடகடவென்று அவை உருளும் சத்தம் கேட்கும். முதுகில் சிலிண்டரும் இடுப்பில் ஈயமுமாக இருபது கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டு அதன்மேல் நடக்க வேண்டும்.

நான் செய்த தவறு மூன்று. அலையைப் பார்க்காமல் இறங்கினேன். தொடையளவுத் தண்ணீரில், அலை உடையும் இடத்திலேயே நின்று, ஒற்றைக் காலில் ஃபின்ஸ் மாட்டப் பார்த்தேன். மாஸ்க் நெற்றியில் இருந்தது. அடுத்த அலை என்னைக் கவிழ்த்து மாஸ்க்கையும் கொண்டுபோனது. வழிகாட்டி ஓடிவந்து என்னையும் மாஸ்க்கையும் மீட்டார்.

திரும்பிக் கரையில் உட்கார்ந்திருந்தபோது, சிலிண்டர் சுமக்கும் ஊர்ப் பெண்களைக் கவனித்தேன். ஒரு சிலிண்டர் 15 கிலோவுக்குக் குறையாது. தலையில் சும்மாடு வைத்து, சிலர் இரண்டு சிலிண்டர்களைக்கூட ஏற்றிக்கொண்டு அதே கற்கள்மேல் போகிறார்கள். ஓர் அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதத்தை உயரத் தூக்கவே இல்லை. தேய்த்தாற்போல முன்னே நகர்த்தி, இரண்டு கற்களுக்கு நடுவில் பாதம் பொருந்தியதும் ஒரு கணம் நின்று, அதன்பிறகே மற்றக் காலை எடுத்தார். மறுநாள் நானும் அப்படியே நடந்தேன்.

முறை இதுதான். எல்லாம் மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் கடலைப் பாருங்கள். பெரிய அலைகள் சில சேர்ந்தாற்போல வரும், பிறகு கொஞ்ச நேரம் அடங்கும். அந்த அடங்கல்தான் உங்கள் நேரம். தண்ணீரில் கால் வைக்கும் முன்பே மாஸ்க் முகத்தில், ரெகுலேட்டர் வாயில், ஜாக்கெட்டில் பாதிக்குமேல் காற்று. ஃபின்ஸ் இரண்டும் ஒரு கையில், மறு கை வழிகாட்டியின் தோளில். அலைக்கு நேர் எதிரே நிற்காமல் உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி நடங்கள். அலை வரும்போது முழங்காலை மடக்கி நில்லுங்கள், போனதும் நகருங்கள். இடுப்பளவு வந்ததும் நிற்காமல் சாய்ந்து மிதந்துவிடுங்கள். அலை உடையும் இடத்தைத் தாண்டி, மல்லாந்து மிதந்தபடி ஃபின்ஸ் மாட்டுங்கள். அங்கே அவசரமே இல்லை.

ஒருவேளை விழுந்தால் எழுந்திருக்கப் போராட வேண்டாம். வாயில் ரெகுலேட்டர் இருக்கிறது, மூச்சு விட்டுக்கொண்டே தவழ்ந்து ஆழத்துக்குப் போய்விடலாம்.

கீழே

கறுமணல் சரிவில் இறங்கும்போது தோட்ட விலாங்குகள் புல் முளைத்தாற்போல மணலில் நின்று ஆடும், கிட்டப் போனால் உள்ளே இழுத்துக்கொள்ளும். சற்று நேரத்தில் முன்னால் ஒரு நிழல் பெரிதாகும். அதுதான் கப்பல். நான் அசையாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

முதலில் உங்கள் எல்லையான ஆழத்துக்குப் போய்விட்டு, பிறகு மெதுவாக மேலே ஏறியபடி பாருங்கள். சிதைந்த விலாப்பக்கம், கடல் விசிறிகள், கூட்டமாகச் சுழலும் பாரை மீன்கள், தனியாகக் காவல் நிற்கும் பெரிய சீலா. இறுதியில் 5 மீட்டரில், கப்பலின் மேல் விளிம்பிலேயே, உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற மூன்று நிமிடம் நின்றுவிடலாம்.

கப்பலுக்குள் நுழையாதீர்கள். பெரிய பெரிய ஓட்டைகள் உண்டு, மறுபக்க வெளிச்சமும் தெரியும். ஆனாலும் தலைக்கு மேல் இரும்பு இருந்தால் நேராக மேலே வர முடியாது, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். காலை மேலும் கீழுமாக அடிக்காமல் தவளைபோல உதையுங்கள், இல்லையென்றால் பின்னால் வருகிறவருக்கு வெறும் புழுதிதான். எதையும் தொட வேண்டாம், விஷமுள் கொண்ட கல்மீன் கல்லைப் போலவேதான் இருக்கும்.

காற்றுக் கணக்கு ஒன்று. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (காற்றழுத்த அளவு) என்றால் 2,200 லிட்டர் காற்று. 50 பாரை மிச்சம் வைத்தால் செலவுக்கு 1,650. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவழிப்பவருக்கு 15 மீட்டரில் அழுத்தம் இரண்டரை மடங்கு, ஆகவே 50 லிட்டர் போகும். முழு நேரமும் அங்கேயே இருந்தால் 33 நிமிடம். பதற்றத்தில் மூச்சு வாங்கினால் இன்னும் குறையும். 100 பார் ஆனதும் வழிகாட்டிக்குக் காட்டிவிடுங்கள்.

வெளியே வருவது

களைப்பாக இருப்போம், அதனால் பலர் இங்கே விழுகிறார்கள். முழுக்க வெளியே வரும்வரை மாஸ்க்கும் ரெகுலேட்டரும் அதே இடத்தில் இருக்கட்டும். அலை உடையும் இடத்துக்கு வெளியே காத்திருந்து, அடங்கியதும் நீந்தி வாருங்கள். இடுப்பளவில் வழிகாட்டியைப் பிடித்துக்கொண்டு ஃபின்ஸைக் கழற்றி, அதே தேய்த்த நடையில் ஏறுங்கள். முடியவில்லை என்றால் தவழ்ந்து வாருங்கள்.

பிற்சேர்க்கை 1: கண்ணாடி போடுபவர் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பவர் உள்ள மாஸ்க் சில இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போட்டும் இறங்கலாம், ஆனால் மாஸ்க்கில் தண்ணீர் ஏறினால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

பிற்சேர்க்கை 2: சான்றிதழே இல்லாதவர்? பயிற்றுநர் கூடவே வரும் அறிமுக டைவில் 12 மீட்டர் வரை போகலாம், கப்பலின் மேற்பகுதி அதற்குள் வந்துவிடும். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், படிவத்தில் மறைக்காதீர்கள்.

பிற்சேர்க்கை 3: இது எனக்கே தோன்றாத விஷயம். காலையில் டைவ் முடித்துவிட்டு மத்தியானம் பாலியின் மலைப்பகுதியான கிந்தாமணி போகலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். கிந்தாமணி ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜனுக்கு விமானம் ஏறுவதும் மலை ஏறுவதும் ஒன்றுதான். ஒன்றுக்கு மேற்பட்ட டைவ் என்றால் விமானத்துக்கு முன் குறைந்தது 18 மணி நேர இடைவெளி சொல்கிறார்கள். மலைக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். கிந்தாமணியை முதலில் பார்த்துவிட்டு, கீழே இறங்கி துலாம்பென் வந்தால் இந்தச் சிக்கலே இல்லை.