சுஷி சாப்பிட்டு எடை குறைக்கப் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஜப்பானில் நாற்பது வயதைத் தொட்டவர்களுக்கு வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் இடுப்புச் சுற்றளவையும் அளப்பார்கள். 2008 முதல் இது நடக்கிறது. ஆண்களுக்கு 85 சென்டிமீட்டர், பெண்களுக்கு 90. அதைத் தாண்டி, கூடவே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றில் இரண்டு ஏறியிருந்தால் 'மெட்டாபோ' என்ற முத்திரை விழும். ஊட்டச்சத்து ஆலோசகர் ஒருவர் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார். டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் குடியிருக்கும் எனக்கு நாடா 89 காட்டியது.

அன்றைக்கே முடிவு எடுத்தேன். இரவில் தோசை கிடையாது, பரோட்டா கிடையாது, சாதம் கிடையவே கிடையாது. இனி சுஷிதான். மீன், எண்ணெய் இல்லை, தேங்காய் இல்லை. ஜப்பானியர்கள் ஒல்லியாகத்தானே இருக்கிறார்கள். போதாததற்கு, இரவு எட்டு மணி வாக்கில் சூப்பர் மார்க்கெட்டில் மிச்சமிருக்கும் சுஷி டப்பாக்களின் மேல் 'ஹங்காகு' என்று பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒட்டுகிற ஊழியர் பின்னாலேயே நாலைந்து பேர் எதையோ தேடுவதுபோல் நடந்துகொண்டிருப்போம். பத்துத் துண்டு நிகிரி (கையில் பிடித்து மேலே மீன் வைத்த சுஷி) டப்பா ஒன்று, அது பத்தாது என்று ஒரு வெள்ளரிக்காய் ரோல். இப்படி மூன்று மாதம். எடை குறையவில்லை. ஒரு கிலோ கூடித்தான் இருந்தது.

ஆலோசகர் முதலில் கேட்டது, "இரவில் சோறு எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்?" பெருமையாகவே சொன்னேன்: "சோறே தொடுவதில்லை, சுஷி மட்டும்தான்." அந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இன்றைக்கு வீட்டுக்குப் போய் மீனை எல்லாம் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அடியில் இருக்கும் சோற்றை மட்டும் நிறுத்துப் பாருங்கள் என்றார்.

நிறுத்தேன். பத்து உருண்டையும் சேர்ந்து 204 கிராம். ரோலைப் பிரித்துச் சுரண்டியதில் இன்னொரு 80. மொத்தம் 284. இங்கே வீடுகளில் ஒரு கிண்ணம் சோறு என்பது ஏறக்குறைய 150 கிராம். ஆக, சோறே தொடாத நான் தினமும் இரண்டு கிண்ணம் சோறு தின்றுகொண்டிருந்தேன். மீன் எவ்வளவு என்று பார்த்தால் 110 கிராம்தான். தராசை எட்டிப் பார்த்த மனைவி, "இதுக்கு நீங்க ரசம் சாதமே சாப்பிட்டிருக்கலாம்" என்றாள்.

சுஷி என்றால் மீன் என்று நினைப்பது

தவறுகளில் தலையாயது இது. மற்றதெல்லாம் இதன் பிள்ளைகள். சுஷி என்பது புளிக்காடி கலந்த சோறு. அதன் மேல் மீன் இருக்கலாம், முட்டை இருக்கலாம், வெறும் வெள்ளரிக்காய் இருக்கலாம். சோறு இல்லாமல் மீனை மட்டும் துண்டு போட்டுத் தந்தால் அதற்குப் பெயர் சஷிமி. சுஷிக் கடைக்காரர்கள் சோற்றை 'ஷாரி' என்றும் மேலே வைப்பதை 'நெத்தா' என்றும் சொல்வார்கள். ஷாரி சரியில்லை என்றால் எந்த மீனை வைத்தும் பயனில்லை என்பதுதான் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பேச்சு.

இன்று நாம் பார்க்கும் நிகிரி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டோக்கியோவுக்கு 'எடோ' என்று பெயர் இருந்த காலத்தில் பரவியது. ஹனாயா யோஹெய் என்பவரின் பெயரை இதோடு சேர்த்துச் சொல்வார்கள். தெருவோரத் தள்ளுகடையில் நின்றபடியே இரண்டு மூன்று உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடுகிறவர்களுக்கான தீனி. ஒவ்வொன்றும் இன்றைய உருண்டையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருந்ததாம். பசியாற்றத்தான் அது பிறந்தது. அதை டயட் உணவு ஆக்கியது பிற்காலத்தில் நாம்.

கணக்குக்கு வருவோம். கடை டப்பாவில் ஒரு நிகிரி என்றால் 20 கிராம் சோறு, 10, 12 கிராம் மீன். துண்டுக்கு 40 முதல் 60 கலோரி. சின்ன இட்லி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துத் துண்டு என்றால் 450, 500 வரும். அதில் முக்கால் பங்கு அரிசியிலிருந்து. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இது அப்படியொன்றும் அதிகமில்லை. ஆபத்து அதன் மேல் ஒரு ரோல், ஒரு பீர் என்று ஏற்றும்போதுதான்.

இன்னொன்று: ஷாரியில் சர்க்கரை போடுகிறார்கள், அதனால்தான் எடை போடுகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். போடுகிறார்கள், உண்மை. இரண்டு 'கோ' அரிசிக்கு, அதாவது 300 கிராமுக்கு, வீட்டுப் பக்குவத்தில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை. வெந்தபின் அது 650 கிராம் சோறு ஆகும். கூட்டிக் கழித்தால் பத்து நிகிரியில் ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. நாம் குடிக்கும் ஒரு டீயில் அவ்வளவு இருக்கும். சர்க்கரையைத் திட்டிக்கொண்டு சோற்றை விட்டுவிடுகிறோம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இதே பேச்சுதான். அந்த இரண்டு கரண்டியைவிட 200 கிராம் வெள்ளைச் சோறுதான் கவனிக்க வேண்டியது.

காய்கறி ரோல் லேசானது என்று நம்புவது

சைவம் சாப்பிடும் நண்பர்கள் மொத்தமாக மாட்டிக்கொள்ளும் இடம் இது. கப்பா மாகி என்ற வெள்ளரிக்காய் ரோலைப் பிரித்துப் பாருங்கள்: நோரி என்ற கடல்பாசித் தாள் அரை, 80 கிராம் சோறு, நடுவில் விரல் அகலம்கூட இல்லாத வெள்ளரிக் குச்சி. புரதம் பெயருக்கு. அதனால்தான் எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு ஃபிரிட்ஜைத் திறக்கிறோம். கம்பியோ ரோல் என்று ஒன்று உண்டு; அது வேறொன்றும் இல்லை, நம் சுரைக்காய் வகையைத்தான் நாடா நாடாவாகச் சீவிக் காயவைத்து, சோயா சாஸிலும் சர்க்கரையிலும் வேகவைப்பது. முதல் தடவை அதைக் கேட்டபோது சொந்த ஊர்க்காரனைப் பார்த்ததுபோல் இருந்தது. ஆனால் இனிப்பு.

இனாரி இன்னும் ஒரு படி மேல். பொரித்த டோஃபுப் பையை இனிப்புச் சாற்றில் ஊறவைத்து, அதற்குள் சோற்றை அடைப்பார்கள். ஒன்றே 100 கலோரியைத் தாண்டும், இரண்டு நிகிரிக்குச் சமம். ருசி அள்ளும், அதில் சந்தேகமில்லை. ஒன்றோடு நிறுத்தத் தெரிந்தவர்கள் சாப்பிடலாம். சைவத்தில் எனக்குத் தெரிந்து புரதத்தோடு வருவது நத்தோ ரோல். நொதித்த சோயாபீன்ஸ், நூல் நூலாக இழுக்கும், வாடை வேறு. அது பிடிக்காவிட்டால் பக்கத்தில் ஒரு தட்டு எதமாமே, அதாவது வேகவைத்த பச்சை சோயா மொச்சை. நூறு கிராமில் 11 கிராம் புரதம்.

எதைச் சுருட்டினாலும் சுஷி என்று கணக்கு வைப்பது

அமெரிக்காவில் வளர்ந்த ரோல்கள் வேறு சாதி. மாவில் தோய்த்துப் பொரித்த டெம்புரா இறால், கிரீம் சீஸ், மேலே காரமான மயோனீஸ், அதற்கு மேல் விலாங்கு மீனுக்கு ஊற்றும் இனிப்புச் சாறு, அதற்கும் மேல் பொரித்த மாவுத் துணுக்கு. எட்டுத் துண்டு உள்ள ஒரு ரோல் 500 கலோரியைத் தொடும். அதை இரண்டு பேர் பகிர்ந்தால் சரி, ஆளுக்கு இரண்டு ரோல் என்றால் பிரியாணியே தேவலை. மயோனீஸ் ஒரு மேசைக்கரண்டிக்கு 90, 100 கலோரி. 'ஸ்பைசி டூனா' என்று பெயர் இருந்தால் காரத்தோடு மயோனீஸும் கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானியக் கடை என்றால் தப்பித்தோம் என்றும் இல்லை. பெல்ட்டில் தட்டு சுற்றிவரும் கைதென் சுஷிக் கடைகளில் சோளம் மயோ, டூனா மயோ, மேலே நெருப்புக் காட்டிய சால்மன் மயோ என்று வரிசை கட்டி வரும். மீன் என்று நினைத்து எடுக்கும் நண்டுக் குச்சியும் நண்டு இல்லை. அரைத்த வெள்ளை மீனும் மாவுச்சத்தும் சர்க்கரையும் கலந்தது.

மீனிலேயே வித்தியாசம் உண்டு. டூனாவின் சிவந்த பகுதியான அகாமி நூறு கிராமுக்கு 120 கலோரி. அதே மீனின் வயிற்றுக் கொழுப்பான தோரோ 300ஐத் தாண்டும். இறால், கணவாய், ஆக்டோபஸ், ஸ்காலப் எல்லாம் மெலிந்தவை. ஆனால் துண்டுக்குப் பத்து கிராம் மீனில் இந்த வித்தியாசம் இருபது கலோரிதான். தோரோ பிடித்தவர்கள் ஒன்று சாப்பிட்டுக்கொள்ளுங்கள், அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. சால்மனுக்குப் பயந்து அதிலுள்ள நல்ல கொழுப்பையும் இழப்பது வீண்.

தட்டை எண்ணாமல் சாப்பிடுவது

பெல்ட் கடை 1958இல் ஒசாகா பக்கம் ஷிராய்ஷி யோஷியாகி என்பவர் தொடங்கியது. பீர் ஆலையில் பாட்டில்கள் பெல்ட்டில் போவதைப் பார்த்து யோசனை வந்தது என்பார்கள். தட்டுக்கு இரண்டு துண்டு, பார்க்கப் பொடிசு. அடுத்தது கண்முன்னே வந்துகொண்டே இருக்கும். வயிறு நிறைந்த சேதி மண்டைக்குப் போய்ச் சேருவதற்குள் பத்துத் தட்டு அடுக்கிவிடுவோம். எளிய நிகிரியாகவே இருந்தாலும் 900 கலோரி. முடித்த தட்டைத் துளைக்குள் போட்டுவிடும் கடைகளில் எண்ணிக்கை கண்ணுக்கே தெரியாது. நான் முதலிலேயே சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பும் ஒரு சஷிமியும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது தட்டு முடிந்ததும் கிரீன் டீயை ஊற்றிக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா உட்காருவேன். பாதிச் சோறு வைத்துத் தரச் சொன்னால் தரும் கடைகளும் உண்டு. அதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. மீனைத் தின்றுவிட்டுச் சோற்றை மட்டும் தட்டில் விட்டுப் போவதுதான் இங்கே அநாகரிகம்.

கைக்குத்தல் அரிசி சுஷிக்குத் தாவுவது

நார்ச்சத்து கூடுதல், மெதுவாகச் செரிக்கும், நல்லதுதான். ஆனால் கலோரி குறையும் என்று நினைத்தால் ஏமாற்றம். ஜப்பானிய உணவுப் பட்டியலின்படி வெள்ளைச் சோறு நூறு கிராமுக்கு 156, கைக்குத்தல் 152. அந்த நாலு கலோரியை நம்பி இன்னொரு ரோல் சொன்ன ஆளை எனக்குத் தெரியும். தினம் கண்ணாடியில் பார்க்கிறேன்.

மறுநாள் காலை எடை பார்த்துப் பயப்படுவது

சுஷி சாப்பிட்ட மறுநாள் எடை ஒரு கிலோ ஏறியிருக்கும். அது கொழுப்பு இல்லை, தண்ணீர். ஷாரியிலேயே உப்பு உண்டு. சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் 2.6 கிராம் உப்பு, மிசோ சூப் ஒரு கிண்ணத்தில் ஒன்றேகால். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்கச் சொல்வதே 5 கிராமுக்குள். உப்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். மாவுச்சத்தும் உடம்பில் சேரும்போது தன் எடையைப்போல் மூன்று மடங்கு தண்ணீரைக் கூட்டிக்கொண்டு சேரும். இரண்டு நாளில் வடிந்துவிடும். இது தெரியாமல் மறுநாள் முழுவதும் பட்டினி கிடந்து, இரவில் ஆள் உயரத்துக்குத் தின்றிருக்கிறேன்.

உப்பைக் குறைக்க எளிய வழி, நிகிரியைக் கவிழ்த்து மீன் பக்கத்தை மட்டும் சோயா சாஸில் தொடுவது. சோற்றைத் தோய்த்தால் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும், உருண்டையும் உதிரும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

சோற்றை அறவே ஒதுக்கி சஷிமியில் இறங்குவது

கணக்கு தெரிந்த பிறகு நான் செய்த தவறு. இரண்டு வாரம் வெறும் டூனா சஷிமி. மூன்றாம் வாரம் நள்ளிரவில் கன்வீனியன்ஸ் ஸ்டோர் வாசலில் நின்று மெலன் பன் என்ற இனிப்பு பன் தின்றேன். அதோடு தினமும் டூனா என்பது பாதரசத்தை நினைத்தாலும் நல்லதில்லை. பெரிய மீனில் அது கூடுதலாகச் சேரும். கர்ப்பிணிகள் புளூஃபின், பிக்ஐ டூனா வகைகளை வாரத்துக்கு ஒரு முறை 80 கிராமோடு நிறுத்தச் சொல்கிறது ஜப்பான் சுகாதார அமைச்சகம்.

எடைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிக்கனம் என்று சந்தையில் வாங்கிய மீனை வீட்டில் பச்சையாக வைத்துச் சுஷி செய்யாதீர்கள். அனிசாகிஸ் என்ற புழு வினிகருக்கும் வசாபிக்கும் சாகாது. நன்றாக உறையவைத்த மீனோ, பச்சையாகச் சாப்பிடவென்றே விற்கும் மீனோதான் சரி.

இப்போதும் இரவில் சுஷி உண்டு, வாரம் இரண்டு நாள். நிகிரி ஆறு, அகாமி சஷிமி ஒரு சின்னத் தட்டு, மிசோ சூப். 400 கலோரி சொச்சம், புரதம் 35 கிராம் தேறும். தூங்கும்வரை பசிப்பதில்லை. மீதி நாட்களில் அளந்து வைத்த ரசம் சாதம். மனைவி சொன்னதை ஒப்புக்கொள்ள நான்கு மாதம் ஆனது. போன பரிசோதனையில் நாடா 86இல் நின்றது. அளந்த நர்ஸ் இன்னும் கொஞ்சம் மூச்சை விடச் சொன்னார். விட்டுப் பார்த்தேன், 86தான்.