மீன்காட்சியகத்தில் ஒரு குரங்கு: படக்கதை எழுதத் தொடங்குவோருக்கு

குறும்புக்கார விலங்கு ஒன்று மீன்காட்சியகத்துக்குப் போகிறது என்று எழுத உட்காருகிறவர்களுக்கு முதலில் தோன்றுவது, தொட்டியை உடைத்துத் தண்ணீரைக் கொட்டவிடும் காட்சிதான். அதைக் கைவிட்டுவிடுவது நல்லது. கண்ணாடி உடைந்த மறுகணமே மீன்கள் பிழைக்குமா என்ற கவலை வந்து சிரிப்பை விழுங்கிவிடும். எதையும் தொட்டுப் பிடுங்கிப் பழகிய கைக்குக் கண்ணெதிரே இருப்பது எட்டாமல் போவதே இக்கதையின் வேடிக்கை என்பதால், அந்தக் கண்ணாடிச் சுவர் கடைசிப் பக்கம்வரை நிற்க வேண்டும்.

விலங்கை அதன் குணம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பூனை என்றால் கதை பசியைத் தாண்டிப் போகாது. கதைக் குரங்கோ கண்டதையெல்லாம் தானும் செய்து பார்க்கும். ஆகவே ஒவ்வொரு தொட்டியும் அதற்கு ஒரு புதுச் சவாலாகிவிடும்.

அடுத்து, தொட்டியில் வாழ்பவற்றைப் பற்றிய உண்மைகளைத் திரட்டுங்கள். கற்பனையைவிட அவற்றில்தான் குறும்பு அதிகம். பேத்தை மீன் மிரண்டால் தண்ணீரை விழுங்கிப் பந்துபோல் உப்பும். அதைப் பார்த்துக் குரங்கும் கன்னத்தை உப்பவைக்கலாம். பெரும்பாலான மீன்களுக்கு இமை கிடையாது. எனவே இமைக்காமல் பார்க்கும் போட்டியில் குரங்கு தோற்றே ஆக வேண்டும். ஆண் கடற்குதிரை தன் வயிற்றுப் பையில் முட்டைகளைச் சுமக்கும் செய்தியை, குரங்கு ஒரு பையைக் கட்டிக்கொண்டு நடக்கும் படத்திலேயே சொல்லிவிடலாம்.

உச்சக்கட்டத்தை ஆக்டோபஸுக்கு ஒதுக்குங்கள். எலும்பில்லாத அதன் உடல், வாயிலுள்ள கடினமான அலகு நுழையும் இடுக்கில் எல்லாம் நுழைந்துவிடும். 2016-ஆம் ஆண்டில் செய்தியான இங்க்கி என்னும் ஆக்டோபஸ், நியூசிலாந்தின் தேசிய மீன்காட்சியகத்தில் தொட்டி மூடியின் சிறு இடைவெளி வழியே வெளியேறி, தரையைக் கடந்து, வடிகால் குழாய்க்குள் புகுந்து கடலுக்கே போய்விட்டது. இரண்டு கைக் குறும்பு எட்டுக் கைக் குறும்பைச் சந்திக்கும் இடத்தில் குரங்கு முதன்முறையாக வாயடைத்து நிற்கட்டும்.

இனிப் பக்கங்கள். படப்புத்தகத்துக்கு 32 பக்கங்கள் என்பது பரவலான வழக்கம். தலைப்பு, பதிப்பு விவரங்கள் போக 12 முதல் 14 இரட்டைப்பக்கங்கள் (விரித்தால் ஒன்றாகத் தெரியும் இட, வலப் பக்கங்கள்) கதைக்குக் கிடைக்கும். 8 தாள்களை இரண்டாக மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் மாதிரிப் புத்தகம் தயார். பென்சிலால் குச்சி உருவங்கள் வரைந்தாலே போதும், ஆனால் இந்த வேலையைத் தவிர்க்காதீர்கள்; பக்கம் புரட்டும் நொடி எங்கே விழுகிறது என்பது மனக்கணக்கில் பிடிபடாது. எடுத்துக்காட்டாக, வலப்பக்கத்தின் அடியில் இப்படி நிறுத்துங்கள்:

“குரங்கு மெதுவாக மூடியைத் தூக்கியது. உள்ளே...”

புரட்டினால் தொட்டி காலி. எழுத்து ஒன்றுமே இல்லை. ஆக்டோபஸ் எங்கே என்பது குழந்தைக்கு மட்டும் தெரிய வேண்டும்: குரங்கின் தலையில் தொப்பிபோல் அமர்ந்திருக்கிறது. “அது தலைமேல் இருந்தது” என்று எழுதிவிட்டால், குழந்தை விரலை நீட்டிக் கத்தும் இன்பத்தை நீங்களே பறித்துக்கொண்டவராவீர்கள்.

ஓவியருக்கும் ஒரு குறிப்பு தேவை. இத்தகைய கூடங்களில் பெரும்பாலும் நடைபாதை இருண்டிருக்க, ஒளி தொட்டியிலிருந்தே வரும்; ஆகவே குரங்கின் முகத்தில் நீல வெளிச்சம் விழ வேண்டும், முதுகு நிழலில் இருக்க வேண்டும்.

கண்ணாடியைத் தட்டும் காட்சி வந்தால் கவனம் வேண்டும், ஏனெனில் அந்த அதிர்வு மீன்களை மிரட்டும், குழந்தைகளோ அதைச் செய்து பார்ப்பார்கள். அதற்காக அறிவுரை சொல்லும் காவலாளியைக் கொண்டுவந்து கதையைக் கெடுக்க வேண்டாம். தட்டியதும் மீன்கள் அனைத்தும் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, வெறும் தொட்டியின் முன் குரங்கு நெடுநேரம் உட்கார்ந்திருக்கும் ஒரு பக்கமே போதும்.

எழுதியதை ஒரு குழந்தையிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் முடிக்கும் முன்பே அது பக்கத்தைப் புரட்டுகிற இடங்களிலெல்லாம் ஒரு வாக்கியத்தை வெட்டுங்கள்.