ஷோனான் விரைவு வண்டியில் அமர்ந்தபடி டோக்கியோவுக்கு வேலைக்குச் சென்றுவருவது எப்படி

டோக்கியோவுக்குத் தென்மேற்கே, சகாமி விரிகுடாவின் கரையோரமாக ஓஃபுனா, ஃபுஜிசாவா, சிகசாகி, ஹிரட்சுகா, ஒதவாரா என்று நீளும் ஊர்களில் குடியிருந்துகொண்டு தலைநகரில் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது டோக்கைடோ ரயில் தடத்தைத்தான். டோக்கியோ நிலையத்திலிருந்து ஓஃபுனா ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தொலைவிலும் ஒதவாரா ஏறத்தாழ 84 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளன. பதினைந்து பெட்டிகள் கொண்ட சாதாரண வண்டிகள் அடிக்கடி வந்தாலும், காலை நேரத்தில் இடைப்பட்ட நிலையங்களில் ஏறுபவருக்கு உட்கார இடம் கிடைப்பது அரிது. இத்தகைய பயணிகளுக்காகவே கிழக்கு ஜப்பான் ரயில்வே நிறுவனம் வார நாட்களில் மட்டும் ஷோனான் என்ற விரைவு வண்டியை இயக்குகிறது. காலையில் டோக்கியோவுக்கோ ஷின்ஜுகுவுக்கோ செல்லும் இவ்வண்டிகள், மாலையிலும் இரவிலும் அங்கிருந்து ஹிரட்சுகா, ஒதவாரா பக்கம் திரும்புகின்றன. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் இந்தச் சேவை கிடையாது.

அலுவலகப் பயணிகளுக்கென்று உட்கார்ந்து செல்லும் வண்டியை விடும் வழக்கம் ஜப்பானில் 1984இல் உயேனோவுக்கும் ஓமியாவுக்கும் இடையே தொடங்கியது. பணிமனைக்கு வெறுமையாகத் திரும்பும் விரைவு வண்டிகளில், 300 யென் கூடுதலாக வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்றிச் சென்றார்கள். டோக்கைடோ தடத்தில் 1986இல் ஷோனான் லைனர் என்ற பெயரில் அதேபோன்ற வண்டி வந்தது. அதுவே 2021 மார்ச் 13 அன்று ஷோனான் என்னும் முழுமையான விரைவு வண்டியாக மாற்றப்பட்டது. கட்டணமும் இருக்கை முறையும் அன்றுதான் மாறின என்பதால், லைனர் காலத்தில் பயணம் செய்தவர்கள் சொல்லும் பழைய யோசனைகளை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, இவ்வண்டிக்கு இரண்டு கட்டணங்கள் உண்டு என்பதாகும். ஒன்று, எந்தச் சாதாரண வண்டிக்கும் செலுத்தும் அடிப்படைக் கட்டணம். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு அது செல்லுபடியாகும் தடத்தில் இந்தச் செலவு தனியாக எழாது. மற்றவர்கள் சுயிகா என்ற, முன்பணம் ஏற்றிய தொடு அட்டையை நிலைய வாயிலில் வழக்கம்போல் தொட்டால் போதும். மற்றொன்று, விரைவு வண்டியில் அமர்வதற்கான விரைவுக் கட்டணம். 2021இல் சேவை தொடங்கியபோது, முன்கூட்டியே வாங்கினால் 50 கிலோமீட்டர் வரை 760 யென், 100 கிலோமீட்டர் வரை 1,020 யென் என்று இது நிர்ணயிக்கப்பட்டது. வாங்காமல் ஏறிவிட்டு வண்டிக்குள் நடத்துநரிடம் செலுத்தினால் 260 யென் கூடுதலாகும். இந்த 260 யென் முற்றிலும் தவிர்க்கக்கூடிய செலவு, ஏனெனில் நடைமேடையில் நின்றபடியே கைபேசியில் வாங்கிவிடலாம்.

வாங்குவதற்குச் சிறந்த வழி, அந்நிறுவனத்தின் எக்கிநெட் என்ற முன்பதிவுத் தளமாகும். நிலையங்களில் உள்ள முன்பதிவு டிக்கெட் இயந்திரங்களிலும் டிக்கெட் அலுவலகங்களிலும் வாங்கலாம் என்றாலும், எக்கிநெட்டில் காகிதமில்லா டிக்கெட்டைத் தேர்ந்தெடுப்பவருக்கு 100 யென் குறைகிறது. அதாவது 760 யென் 660 ஆகவும், 1,020 யென் 920 ஆகவும் ஆகிவிடும். இத்தளத்தில் உறுப்பினராகப் பதிவு செய்வது ஒருமுறை செய்ய வேண்டிய வேலைதான், ஆனால் அதைக் காலை அவசரத்தில் செய்ய முனையாதீர்கள். படிவம் ஜப்பானிய மொழியில் இருக்கும். குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் தனித்தனியாகக் கேட்கும். உச்சரிப்பைக் கட்டகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தில் கேட்கும். தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னால் இட்டுக்கொள்ளும் நம்மவர்கள், குடியிருப்பு அட்டையில் பெயர் எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளதோ அதே வரிசையில் இங்கும் நிரப்புவது நல்லது. பிற்காலத்தில் அடையாளம் காட்ட நேர்ந்தால் குழப்பம் இருக்காது.

முன்பதிவு, பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பு காலை 10 மணிக்குத் தொடங்குகிறது. வேலைக்குச் செல்பவருக்கு அவ்வளவு முன்னதாகத் திட்டமிடத் தேவையில்லை, எனினும் காலைப் பயணத்தையும் மாலைப் பயணத்தையும் ஒரே விதமாக அணுகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காலையில் நீங்கள் ஏறும் வண்டி ஏறக்குறைய நாள்தோறும் ஒன்றுதான். ஆகவே வாரத் தொடக்கத்திலேயே, தேவைப்படும் நாட்களுக்கெல்லாம் இருக்கையைக் குறிப்பிட்டு வாங்கிவிடலாம். மாலையிலோ கூட்டம் நீளலாம், மேலாளர் கடைசி நேரத்தில் அழைக்கலாம். அதனால் மாலை வண்டிக்கும் ஓர் இருக்கையை முன்பே பிடித்து வைத்து, தாமதமாகும் என்று தெரிந்தவுடன் அடுத்த வண்டிக்கு மாற்றிக்கொள்வதே நல்லது. காகிதமில்லா டிக்கெட்டை வண்டி புறப்படும் நேரத்துக்கு முன்பு கட்டணமின்றி மாற்ற முடியும். புறப்படும் நேரம் கடந்தால் இந்த வசதி போய்விடும் என்பதால், கூட்டத்தின் நடுவே இருந்தாலும் கைபேசியில் அந்த ஒரு வேலையை மட்டும் செய்துவிடுங்கள். பயணமே வேண்டாம் என்று ரத்து செய்தால் ஒரு தொகை பிடித்தம் செய்யப்படும். மாற்றுவதும் ரத்து செய்வதும் ஒன்றல்ல.

இருக்கை குறிப்பிடாத டிக்கெட் என்று இன்னொரு வகையும் உண்டு. நாளும் தடமும் மட்டும் குறிக்கப்பட்டிருக்கும் அந்த டிக்கெட்டோடு அன்றைய எந்த வண்டியிலும் ஏறி, காலியாக உள்ள இருக்கையில் அமரலாம். பின்னர் கூடுதல் செலவின்றி இருக்கையைக் குறிப்பிட்டும் கொள்ளலாம். விலை இருக்கை குறிப்பிட்ட டிக்கெட்டின் விலையேதான். ஆனால் வண்டி நிறைந்துவிட்டால் வாசல் அருகே நின்றபடிதான் செல்ல வேண்டும். அமர்வதற்காகவே கூடுதலாகச் செலவழிக்கும் பயணி இவ்வகையை வழக்கமாக்கிக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இப்படிப்பட்ட டிக்கெட்டோடு ஏறுபவருக்கு வழிகாட்டுவது ஒவ்வோர் இருக்கைக்கும் மேலே கூரையோரம் எரியும் சிறு விளக்காகும். சிவப்பு எரிந்தால் அந்த இருக்கை அப்போதைக்கு யாருக்கும் விற்கப்படவில்லை, அமரலாம். பச்சை எரிந்தால் அது விற்கப்பட்டுவிட்டது. மஞ்சள் எரிந்தால், வரவிருக்கும் ஒரு நிலையத்தில் அதற்கு உரியவர் ஏறப்போகிறார், விரைவில் எழுந்திருக்க நேரிடும். சாலை விளக்குகளுக்குப் பழகிய கண் சிவப்பைத் தடையாகவும் பச்சையை அனுமதியாகவும் எண்ணிவிடும் என்பதால், முதல் சில பயணங்களில் விளக்கைப் பார்த்தபின் ஒரு நொடி யோசித்து அமருங்கள். இதே முறை தோக்கிவா, ஹச்சியோஜி, ஓமே, அக்காகி ஆகிய வண்டிகளிலும் உள்ளது. ஒருமுறை பழகினால் டோக்கியோவின் மற்றத் திசைகளிலும் உதவும்.

இந்த விளக்கு நடத்துநருக்கும் வேலையைக் குறைக்கிறது. பச்சை எரியும் இருக்கையில் உரியவர் அமர்ந்திருந்தால் அவர் டிக்கெட் கேட்பதில்லை. சிவப்பின் கீழ் யாரேனும் அமர்ந்திருந்தால் அருகே வந்து கேட்பார். எனவே நீங்கள் வாங்கிய இருக்கையில்தான் அமர வேண்டும். சன்னல் ஓரம் காலியாக இருக்கிறதென்று இரண்டு வரிசை தள்ளி அமர்ந்தால், உறங்கத் தொடங்கும் நேரத்தில் எழுப்பப்படுவீர்கள், அடுத்த நிலையத்தில் உரியவர் வந்தும் நிற்கலாம்.

நிறுத்தங்களை ஒவ்வொரு வண்டிக்கும் தனியாகப் பார்த்துக்கொள்வது மிக அவசியம். ஷோனான் வண்டிகள் கவாசாகியிலும் யோகோஹாமாவிலும் நிற்பதில்லை. நெரிசலான பயணிகள் பாதையை விட்டுச் சரக்கு வண்டிகளுக்கான பாதை வழியாகச் சில வண்டிகள் விடப்படுவதால்தான், காலை நெரிசல் வேளையிலும் இவற்றுக்கு இடம் கிடைக்கிறது. அப்படிச் செல்லும் வண்டிகளுக்காக ஃபுஜிசாவாவிலும் சிகசாகியிலும் சரக்குப் பாதையை ஒட்டித் தனி நடைமேடைகள் உள்ளன. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள சுஜிதோவில் அத்தகைய நடைமேடை இல்லை. ஆகவே அங்கே இறங்குபவர்கள் தம் வண்டி அங்கு நிற்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். புறப்படும் இடத்தையும் கவனியுங்கள். டோக்கியோவிலிருந்து வரும் வண்டிகள் ஷினாகவா வழியாகச் செல்கின்றன. ஷின்ஜுகுவிலிருந்து புறப்படுபவை ஷிபுயா வழியாகச் செல்கின்றன. வண்டியின் எண்ணைப் பார்த்துத் திசையை அறியலாம்: தலைநகரை நோக்கிச் செல்பவை இரட்டைப்படை, அங்கிருந்து வெளியேறுபவை ஒற்றைப்படை. பெட்டிகளின் எண்ணிக்கை வண்டிக்கு வண்டி மாறும் என்பதால், நடைமேடையில் எங்கே நிற்பது என்பதை அறிவிப்புப் பலகையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, பலரும் இவ்வண்டியைச் சாதாரண வண்டியின் கிரீன் பெட்டியோடு, அதாவது கூடுதல் கட்டணம் செலுத்தி அமரும் உயர்வகுப்புப் பெட்டியோடு, ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. டோக்கைடோ தடத்தின் சாதாரண வண்டிகளில் 4, 5ஆம் பெட்டிகள் கிரீன் பெட்டிகள். 2024 மார்ச் 16 முதல் அவற்றுக்குச் சுயிகா மூலம் 50 கிலோமீட்டர் வரை 750 யென், 100 கிலோமீட்டர் வரை 1,000 யென் செலுத்த வேண்டும். அங்கே இருக்கை முன்பதிவு கிடையாது. முதலில் வருபவருக்கே இடம். காகிதமில்லா ஷோனான் டிக்கெட்டோ 660, 920 யென்னில் இருக்கையையே உறுதி செய்கிறது. ஷோனான் கிடைக்கும் நேரத்தில் கிரீன் பெட்டியை நாடக் காரணமில்லை. யோகோஹாமாவிலோ கவாசாகியிலோ ஏறுபவர்களுக்கும், விடுமுறை நாளில் பயணிப்பவர்களுக்கும் மட்டும் அது பொருந்தும்.

நாள்தோறும் இருவழியும் வாங்குவது எல்லோராலும் இயலாது. 50 கிலோமீட்டருக்குள் ஒருவழி மட்டும் என்றாலும் மாதம் 20 வேலை நாட்களுக்கு 13,200 யென் ஆகிறது. இருவழியும் என்றால் 26,400 யென். பல நிறுவனங்கள் சீசன் டிக்கெட்டுக்கான தொகையைத் தந்தாலும் விரைவுக் கட்டணத்தைத் தருவதில்லை, ஆகவே பணிவிதிகளைப் படித்துப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஒருவழிக்கு மட்டும் செலவழிக்க முடியும் என்றால், மாலையில் டோக்கியோ நிலையத்திலேயே ஏறுபவர்கள் காலைப் பயணத்துக்கு வாங்குவதைத் தேர்ந்தெடுக்கலாம். மாலையில் அங்கிருந்து புறப்படும் சாதாரண வண்டிகள் சிலவற்றில், சற்று முன்னதாக வரிசையில் நின்றால் இடம் கிடைக்கக்கூடும். காலையில் ஃபுஜிசாவாவில் ஏறுபவருக்கு அந்த வாய்ப்பு மிகவும் குறைவு.

வண்டிக்குள் கைபேசியில் பேச வேண்டுமென்றால் எழுந்து வாசல் பக்கம் செல்லுங்கள். இருக்கையைப் பின்னால் சாய்க்கும் முன் பின்னிருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மெதுவாகச் சாய்ப்பது வழக்கம். இரவு வண்டியில் உறங்கும் எண்ணமிருந்தால் கைபேசியில் ஒலியின்றி அதிரும் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தங்கள் குறைவாக இருப்பதால், தவறவிட்டால் திரும்பி வருவதற்கு நெடுநேரம் ஆகும்.

தாமதம் ஏற்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. இறங்கும் நிலையத்துக்கு வண்டி இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக வந்தால்தான் விரைவுக் கட்டணம் திருப்பித் தரப்படும். அதற்குக் குறைவான தாமதத்துக்கு எதுவும் கிடைக்காது. எனினும் அலுவலகத்தில் காட்டுவதற்கான தாமதச் சான்றிதழை ரயில்வே நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.