ஃபிரிட்ஜ் வாங்குவது எப்படி: பலசரக்குக் கடையில் வளர்ந்தவள் எழுதுவது

எங்கள் அப்பா திருநெல்வேலி ஜில்லா வீரவநல்லூரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலம் மடிப்பேன். சாமான் வாங்க வரும் சின்னப் பிள்ளைகள் கையில் அப்பா ஒரு துண்டு கருப்பட்டியைக் கொசுறாக வைப்பார். ஏன் சும்மா கொடுக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "ஏட்டி, பாசத்துலயா கொடுக்கேன்? நாளைக்கு அவங்க அம்மை வேற கடைக்கு அனுப்புனாலும் அந்தப் பிள்ளை இங்கதான் ஓடி வரும்" என்றார்.

எதை வாங்கப் போனாலும் எனக்கு அந்தப் பதில்தான் நினைவுக்கு வரும். விற்கிறவருக்கு இதில் காசு எந்த வழியாக வருகிறது? முதலில் அதைத்தான் பார்ப்பேன். தன் லாபத்தைப் பார்ப்பது தப்பில்லை. அப்பாவும் பார்த்தார். ஆனால் அவர் எடையைக் குறைத்திருந்தால், மறுநாள் அதே தெருவில் அதே முகத்தைப் பார்த்தாக வேண்டும். அதனால் தராசுத் தட்டை ஆட்களின் கண் முன்னால் தூக்கிக் காட்டுவார். பெரிய கம்பெனி நம் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. தராசை நாம்தான் தூக்கிப் பார்க்க வேண்டும்.

போன ஆடியில் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினேன். அதற்கு 2 வருடம் முன்னால் என் மதினி ஒன்று வாங்கிப் படாத பாடு பட்டார். இரண்டிலும் கற்றதை எழுதுகிறேன்.

முதல் வேலை வீட்டில்தான், கடையில் இல்லை. வாசல் நிலையின் அகலத்தையும் வைக்கப் போகும் இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். பின்பக்கமும் பக்கவாட்டிலும் காற்றுப் போக இடம் வேண்டும். அப்புறம் மாவுப் பாத்திரம். நம் ஊர் வீடுகளில் ஃபிரிட்ஜ் என்பதே பாதிக்கு மேல் இட்லி மாவுக்குத்தான். பாத்திரத்தின் உயரத்தையும் வாயகலத்தையும் ஒரு நூலில் முடிச்சுப் போட்டுக் கொண்டு போனேன். 240 லிட்டர் என்று எழுதியிருந்த ஒன்றில் தட்டை மாற்றி வைத்தாலும் அந்த நூல் நுழையவில்லை. லிட்டர் கணக்கிலும் கவனம் தேவை. லேபிளில் மொத்தக் கொள்ளளவு என்று ஒன்றும், பொருள் வைக்கக்கூடிய கொள்ளளவு என்று ஒன்றும் இருக்கும். விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் பெரிய எண். நமக்கு வேண்டியது இரண்டாவது.

வோல்டேஜையும் பாருங்கள். இப்போது வரும் ஃபிரிட்ஜ்களில் ஸ்டெபிலைசர் வேண்டாம் என்று எழுதியிருக்கும். ஆனால் எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை என்று கூடவே ஓர் அளவு உண்டு. தெரிந்த எலக்ட்ரீஷியனை இரவு 7 மணிக்கு, எல்லா வீட்டிலும் விளக்கும் மோட்டாரும் ஓடும் நேரத்தில், மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அந்த அளவுக்குள்தான் இருந்தது. அதனால் கடையில் கட்டாயம் வேண்டும் என்று சொன்ன ஸ்டெபிலைசரை நான் வாங்கவில்லை.

அடுத்து, ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவர்கள் இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டால் போதாது. அவருக்கும் ஏதாவது கம்பெனியோடு தொடர்பு இருக்கலாம். எது நல்லது என்று கேட்காமல், எந்தக் கம்பெனியின் உதிரிப்பாகம் அம்பாசமுத்திரத்திலோ திருநெல்வேலியிலோ உடனே கிடைக்கும், எதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு இரண்டு பேரும் ஒரே பதில் சொன்னார்கள்.

அந்தக் காலத்துப் பொருள் உழைக்கும், இப்போது வருவதெல்லாம் வேண்டுமென்றே சீக்கிரம் கெடும்படி செய்கிறார்கள் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். அப்படி நடந்ததும் உண்டு. 1924-இல் ஜெனிவாவில் ஓஸ்ராம், பிலிப்ஸ் போன்ற பெரிய பல்பு கம்பெனிகள் கூடி, பல்பு 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று ஒப்பந்தம் போட்டன. அதைவிட அதிகம் எரியும் பல்பைச் செய்தவர்களுக்கு அபராதம் விதித்தன. ஆனால் எல்லாவற்றையும் சதி என்று சொல்லவும் நான் தயாராக இல்லை. மிக்ஸியில் ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளர் உடைவது மோட்டார் எரியாமல் இருக்கத்தான். எது காப்பதற்காக உடைகிறது, எது மறுபடி விற்பதற்காக உடைகிறது என்று ரிப்பேர்காரருக்குத் தெரியும்.

கடைக்குள் நுழைந்ததும், கரண்ட் எவ்வளவு மிச்சமாகும் என்று காட்டும் நட்சத்திர லேபிள் கண்ணில் படும். நட்சத்திரத்தை எண்ணாதீர்கள். வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று நடுவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். லேபிள் எந்த வருடத்துக்கானது என்பதையும் பாருங்கள். அளவுகோலை அரசு அவ்வப்போது கடுமையாக்கும்போது, பழைய லேபிளில் 5 நட்சத்திரம் வாங்கியதற்குப் புது லேபிளில் குறைவாகக் கிடைக்கலாம். நான் பார்த்த இரண்டில் ஒன்று 190 யூனிட், இன்னொன்று 245. வித்தியாசம் 55 யூனிட். எங்கள் வீட்டுக்கு யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 275 ரூபாய், 10 வருடத்துக்கு 2,750. விலை வித்தியாசமோ 4,000. குறைந்த நட்சத்திரத்தைத்தான் வாங்கினேன். கரண்ட் அதிகம் செலவாகும் வீட்டுக்குக் கணக்கு வேறு மாதிரி வரும், போட்டுப் பாருங்கள்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பெரிய கடைகளுக்குப் போனபோது, என்னிடம் வந்த பையன் ஒரே கம்பெனியைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினான். "தம்பி, உங்களுக்குக் கடைச் சம்பளமா, கம்பெனிச் சம்பளமா?" என்று கேட்டேன். தயங்கி, "கம்பெனி சம்பளம்தான்க்கா" என்றான். பல கடைகளில் இப்படித்தான். கடைச் சட்டை போட்டு நிற்கிறவருக்குச் சம்பளமும் கமிஷனும் ஏதோ ஒரு கம்பெனி கொடுக்கும். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அவன் சொன்னதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரிந்தது.

எம்.ஆர்.பி.யில் இத்தனை சதவீதம் தள்ளுபடி என்ற அட்டையைப் படிக்கவே வேண்டாம். எம்.ஆர்.பி.யைப் போடுவதே கம்பெனிதான். மூன்று கடையில் கடைசியாகக் கையில் கொடுக்கும் தொகை எவ்வளவு என்று மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தவணைக்கு வருகிறேன். மதினி மாட்டிக்கொண்டது இதில்தான். வட்டியே இல்லை என்றார்கள். மாதம் 2,500 வீதம் 10 மாதம், மொத்தம் 25,000. கூடவே செயலாக்கக் கட்டணம் 699, அதற்கு வரி, ஆக 825 ரூபாய். அதே ஃபிரிட்ஜை ரொக்கம் கொடுத்து வாங்கினால் என்ன விலை என்று மதினி கேட்கவில்லை. பிறகு நான் போய்க் கேட்டபோது 23,500 என்றார்கள். அதாவது மதினி கொடுத்த கூடுதல் தொகை 2,325. இதை 23,500-க்கு வகுத்து 10 சதவீதம்தானே என்று நினைக்கக் கூடாது. மாதாமாதம் கட்டக் கட்ட கடன் குறைந்துகொண்டே வருகிறது. 10 மாதமும் சேர்த்துப் பார்த்தால், சராசரியாக மதினி கையில் இருந்த கடன் 13,000 ரூபாய்க்கும் கொஞ்சம் குறைவு. அதற்கு 10 மாதத்தில் 2,325 என்றால் வருட வட்டி 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. ரொக்கத்துக்குக் கிடைத்து, தவணைக்குக் கிடைக்காமல் போன தள்ளுபடியில்தான் வட்டி ஒளிந்திருந்தது.

இது ரிசர்வ் வங்கிக்குத் தெரியாததில்லை. கிரெடிட் கார்டில் காட்டும் பூஜ்ய வட்டித் தவணையில் வட்டி வேறு பெயரில் இருக்கிறது என்று 2013 செப்டம்பரிலேயே வங்கிகளைக் கண்டித்தது. 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கும் தனிநபர் கடன்களுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்த்து வருட வட்டி எத்தனை சதவீதம் என்று ஒரே தாளில் எழுதித் தர வேண்டும் என்பதும் விதி. ஆகவே தவணையில்தான் வாங்க வேண்டும் என்றால் மூன்று காரியம் செய்யுங்கள். ரொக்க விலையை முதலில் கேளுங்கள், தவணைப் பேச்சை அதற்குப் பிறகு எடுங்கள். அந்த விவரத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், கேட்காத இன்சூரன்ஸ் ஏதும் சேர்ந்திருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். பணம் பிடிக்கும் தேதி உங்கள் சம்பளத் தேதிக்குப் பின்னால் இருக்கட்டும். அண்ணனுக்குச் சம்பளம் 5-ஆம் தேதி, தவணை 2-ஆம் தேதி. ஒரு மாதம் பணம் இல்லாமல் திரும்பியதற்கு வங்கி 590 ரூபாய் பிடித்தது, கடன் கொடுத்த நிறுவனம் தனியாகப் பிடித்தது.

கடனுக்காகப் போனில் ஓர் ஆப்பை ஏற்றச் சொல்வார்கள். அது போன் நம்பர் பட்டியலையும் போட்டோக்களையும் பார்க்க அனுமதி கேட்டால் கொடுக்காதீர்கள். கடன் ஆப்கள் அவற்றைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இலேயே சொல்லிவிட்டது.

கூடவே இலவசமாக மிக்ஸி, ஹாட்பாக்ஸ் என்று வரும். இலவசத்தைப் பற்றி நம் ஜில்லாக்காரர்களுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1906-இல் ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். அன்று தூத்துக்குடி திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. எதிரே நின்ற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாயாக்கியது. உடனே வெள்ளைக்காரக் கம்பெனி, பயணமே இலவசம், போதாததற்கு ஆளுக்கொரு குடையும் இலவசம் என்றது. அந்தக் குடைக்கான காசு யாரிடமிருந்து, எப்போது திரும்ப வரும் என்று கணக்குப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். இதை எங்கள் அப்பா எனக்குக் கல்லாவில் வைத்துச் சொன்னார். ஹாட்பாக்ஸ் வேண்டாம், அதற்குரிய காசைக் கழியுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு 400 ரூபாய் கழித்தார்கள்.

10 வருட வாரண்டி என்பது கம்ப்ரஸருக்கு மட்டும். கேஸ் கசிவு, போர்டு, மெக்கானிக் கூலி எல்லாம் பெரும்பாலும் முதல் வருடத்தோடு முடிந்துவிடும். கடையில் காசு வாங்கிக்கொண்டு தரும் கூடுதல் வாரண்டியைப் பல நேரம் வேறொரு கம்பெனி தருகிறது. எதற்கெல்லாம் கிடையாது என்ற பக்கத்தை அங்கேயே நின்று படியுங்கள். பிறகு தருகிறோம் என்றால் வாங்காதீர்கள்.

போனோடு இணைகிற, கதவில் திரை வைத்த ஃபிரிட்ஜும் காட்டினார்கள். எனக்கு அது தேவையில்லை. 2025-இல் சாம்சங் அமெரிக்காவில் அப்படிப்பட்ட ஃபிரிட்ஜ் திரைகளில் விளம்பரம் காட்டிப் பார்த்தது. நாம் காசு கொடுத்து வாங்கி, நம் சமையலறையில் வைத்த பொருள் அது. அதில் ஒரு திரையும் இணைய இணைப்பும் இருக்கும்வரை விற்ற பிறகும் காசு பார்க்க வழி இருக்கிறது.

பில் போடும்போது போன் நம்பர் கேட்பார்கள். வாரண்டிக்கும் டெலிவரிக்கும் தேவை என்றால் கொடுக்கலாம். சும்மா பார்க்க வந்தவரிடமும், ஒரு டார்ச் லைட் வாங்குகிறவரிடமும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதம் கடைகளுக்குச் சொல்லியிருக்கிறது. பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். மெஷினில் வரும் வழுவழுப்புத் தாளில் எழுத்து நிற்பதில்லை. மதினி 14 மாதம் கழித்து எடுத்தபோது கடைப் பெயர்கூடச் சரியாகத் தெரியவில்லை, என் போனில் இருந்த போட்டோதான் காப்பாற்றியது. ஃபிரிட்ஜ் வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

கெட்டுப்போனால் என்ன செய்வது? மதினியின் ஃபிரிட்ஜில் அந்த 14-ஆம் மாதம் கேஸ் கசிந்துவிட்டது. கூடுதல் வாரண்டிக்காரர்கள், இது துருவால் வந்தது, எங்கள் கணக்கில் வராது என்றார்கள். போனில் பேசிப் பேசி மூன்று வாரம் போனது. பேச்சு எங்கேயும் பதிவாகவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. எழுத்தில் கொடுங்கள் என்று நான் சொன்னேன். வாங்கிய தேதி, கெட்ட தேதி, புகார் எண்கள், அவர்கள் சொன்ன பதில், நமக்கு வேண்டியது, எத்தனை நாளுக்குள் வேண்டும், இவ்வளவுதான் கடிதம். கோபத்தை அதில் எழுத வேண்டாம். மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பிவிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தோம்.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-இல் வந்த சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. குறை ஏற்பட்டு 2 வருடத்துக்குள் போட வேண்டும். கடிதத்தின் கடைசி வரியில், 15 நாளில் சரிசெய்யாவிட்டால் ஆணையத்தில் மனுக் கொடுப்போம் என்று எழுதியிருந்தோம். மனுவையும் எழுதித் தயாராக வைத்திருந்தோம்.

பதினோராம் நாள் மெக்கானிக் வந்து குழாயை மாற்றி, கேஸ் நிரப்பி, காசு வாங்காமல் போனார். என்ன மாற்றினார் என்பதை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கி, பில் ஜெராக்ஸ் இருக்கும் கவரிலேயே மதினி போட்டு வைத்திருக்கிறார்.