அரக்கிக்கும் போட்டிக்காரிக்கும் காதல்: பால்புதுமை இளையோர் ஃபேன்டசி எழுத ஒரு கைவழி

பெண்ணைப் பெண் விரும்புவது போன்ற பால்புதுமைக் (queer) காதலைச் சொல்லும் இவ்வகை நாவலின் முதல் வரைவு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்கும். அரக்கத்தனம் ஒரு பக்கம், போட்டி ஒரு பக்கம், காதல் ஒரு பக்கம் என்று மூன்றும் தனித்தனியே ஓடும். மூன்றும் ஒரே விதியிலிருந்து முளைக்க வேண்டும். பாத்திரங்களுக்குப் பெயர் வைக்கும் முன் அந்த விதியை எழுதிவிடுங்கள்.

கிரேக்கத் தொன்மத்தின் கோர்கன் என்ற அரக்கியை எடுத்துக்கொள்வோம். தலையில் பாம்புகள், கண்ணைப் பார்த்தவர் கல்லாவார், பிம்பத்தில் பார்த்தால் தப்பலாம். நம் நாயகி அந்த வம்சத்தில் வந்த 17 வயதுப் பெண். தலையைத் துணியால் மூடிக்கொண்டு ஒரு சிற்பக்கூடத்தில் படிக்கிறாள். சிறு வயதிலிருந்தே உளி பிடித்த இன்னொருத்தியும் அங்கே இருக்கிறாள்; அவளைச் சிற்பி என்போம். தலைமைச் சிற்பியிடம் காலியாக இருப்பது ஒரே இடம். சிற்பி மூன்று மாதம் செதுக்கும் குருவியைக் கோர்கன் ஒரே பார்வையில் முடித்துவிடுகிறாள். அது உயிரோடிருந்த குருவி. பார்வை கல்லாக்கும் என்ற ஒரே விதி போட்டியில் ஏமாற்றாகிறது, மனசாட்சியில் கொலையாகிறது, காதலில் கண்ணோடு கண் பார்க்க முடியாத தடையாகிறது.

அடுத்து விதியின் எல்லைகள். எவ்வளவு தூரம்வரை வேலை செய்யும்? இருட்டில்? கல்லானது திரும்புமா? (திரும்பாது என்றே வையுங்கள், திரும்பினால் ஆபத்தில் பயம் இருக்காது.) பிம்பம்தான் பெரிய ஓட்டை. ஆளுக்கொரு கண்ணாடி வைத்துக்கொண்டால் கதை முடிந்துவிடும். அதனால் பிம்பத்துக்கும் ஒரு விலை வேண்டும்: கண்ணாடியில் பார்ப்பவளுக்கு ஒரு நாள் முழுக்க விரல்கள் மரத்துப்போகும். சிற்பிக்கு விரல்தான் சொத்து. அவளுக்கு வலிக்கிற இடத்தில் விலை விழுந்தால்தான், அவள் ஒருமுறை கண்ணாடியைத் தூக்கும்போது அது காதல் என்று வாசகருக்குச் சொல்லாமலே புரியும்.

உடம்பைப் பற்றி எழுதும்போது அலங்காரத்தை விட்டுவிட்டு உயிரியலைப் பிடியுங்கள். பாம்புக்கு வெளிக்காது கிடையாது, தரையின் அதிர்வைத் தாடையெலும்பு வழியே உணரும். ஆக, பக்கத்து அறையில் சிற்பி உளி தட்டும் தாளத்தைப் பாம்புகள் முதலில் அடையாளம் கண்டுகொள்ளும். அந்த ஈர்ப்பைக் கோர்கன் ஒத்துக்கொள்ளப் பல அத்தியாயம் ஆகும். குளிரில் பாம்பு மந்தமாகிவிடும் என்பதால் பனிக்கால அத்தியாயங்களில் துணி தேவைப்படாமல் போகலாம். இதைவிடப் பயன்படுவது தோல் உரிப்பு. அதற்கு முன் பாம்பின் கண்ணில் பால்நீலமாகப் படலம் படியும். அந்த நாட்களில் இவள் கண்ணும் மங்கும், பார்வை கல்லாக்காது என்று வைத்தால், இருவரும் முதன்முதலாக நேருக்கு நேர் பார்க்கும் காட்சி தயார். ஆனால் உண்மையில் தோல் உரியும் முன்பே, சில நாள் முன்னதாகக் கண் தெளிந்துவிடும். தோல் உரியும்வரை பயமில்லை என்று சிற்பி தப்புக்கணக்குப் போட்டால், நாவலின் முக்கால் பாகத்தில் வரவேண்டிய விபத்துக்கு வேறெங்கும் காரணம் தேட வேண்டாம்.

போட்டி வேறு, பகை வேறு. போட்டியில் இருவருக்கும் ஒரே பொருள் வேண்டும், திறமையும் ஏறக்குறைய சமம். ஒருத்தியின் குடும்பத்தை மற்றவள் அழித்திருந்தால் அது பகை. அதைக் காதலாக்க வேறு நாவல் வேண்டும். யார் எத்தனை முறை ஜெயித்தாள் என்று ஒரு தாளில் குறியுங்கள். 5-1 என்றிருந்தால் அது போட்டியே அல்ல. 4-3 நல்லது, அதில் ஒன்றாவது பாம்போ பார்வையோ இல்லாமல், வெறும் உளியால் கோர்கன் ஜெயித்ததாக இருக்கட்டும்.

30 அத்தியாயம் என்றால் எட்டுக்குள் இருவரும் ஒரே வேலையில் மாட்டிக்கொள்ள வேண்டும், பதினைந்தை ஒட்டி ரகசியம் உடைய வேண்டும். முத்தம் அதற்குப் பிறகுதான். உயிருக்கு ஆபத்து என்பதை மறைத்து வாங்கிய முத்தம் சம்மதத்தோடு கிடைத்தது ஆகாது, இளம் வாசகர்கள் இதை உடனே பிடித்துவிடுவார்கள். கோர்கனுக்கு 300 வயது என்று வைக்கும் ஆசையையும் அடக்குங்கள். இருவரும் ஒரே வயதாக இருக்கட்டும்.

தமிழில் எழுதுபவர்களுக்கென்று ஒரு தலைவலி உண்டு. இரண்டும் பெண் என்பதால் எல்லாமே ‘அவள்’. ‘அவள் அவளைப் பார்த்தாள்’ என்றால் யார் கல்லானது? பார்வைக்கோணம் யாருடையதோ அவள் ‘இவள்’, மற்றவள் ‘அவள்’ என்று அத்தியாயம் முழுக்கப் பிடித்துக்கொள்ளலாம். ஒருத்தியை ‘நான்’ என்று தன்மையில் பேசவிடுவது இன்னும் சுலபம். விளிப்பையும் திட்டமிடுங்கள். முதலில் முகத்துக்கு நேரே விளிக்காமல், ‘சிலபேருக்கு உளியே வேண்டாம்போல’ என்று சாடை பேசட்டும். பிறகு ‘நீ’. சண்டை உச்சத்தில் மரியாதையில்லாத ‘போடி’. பின்னால் அதே ‘போடி’ கொஞ்சலாக வரும்போது தனியாக ஒரு காதல் வசனம் எழுத வேண்டியிருக்காது.

பெண்ணை விரும்பும் பெண்ணை அரக்கியாக்குவது பழைய பழக்கம். 1872-இல் புத்தகமாக வந்த ‘கார்மில்லா’ என்ற திகில் கதையில் இளம்பெண்ணை நேசிக்கும் ரத்தக்காட்டேரியின் மார்பில் ஆப்பு அடித்துத் தலையை வெட்டுகிறார்கள். அந்த வாசனை ஒட்டாமலிருக்க, ஊரில் பாம்பில்லாத சாதாரணப் பெண் ஜோடி ஒன்றாவது இருக்கட்டும். ரொட்டிக்கடை நடத்தும் இரண்டு அத்தைகள் போதும். ஊர் பயப்படுவது பார்வைக்குத்தான், காதலுக்கு அல்ல என்பது அப்போது தெளிவாகும். கடைசியில் பாம்புகளை உதிர்த்து நாயகியை ‘குணமாக்க’ வேண்டாம். அந்த ஒரே இடத்தை ஒருத்தி காதலுக்காக விட்டுக்கொடுப்பதும் வேண்டாம். அதுவரை நடந்த போட்டி பொய்யாகிவிடும். போட்டியை நடத்தி முடியுங்கள், ஒருத்தி தோற்கட்டும், தோற்றவள் இரண்டு பக்கமாவது கோபமாக இருக்கட்டும்.